அன்பான கடவுள் ஏன் துன்பத்தை அனுமதிக்கிறார்? கிறிஸ்தவர்களிடம் பதில் இருக்கிறதா?

கூட வேலை செய்யும் கிறிஸ்தவ நண்பரிடம் இதைக் கேட்டதாகவும், அவர் முகம் சிவந்து எழுந்து போய்விட்டதாகவும் கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். அவரை மடக்கிவிட்ட சந்தோஷம் எழுத்தில் கொஞ்சம் தெரிகிறது. இருக்கட்டும். இந்தக் கேள்விக்குப் பட்டென்று பதில் சொல்கிற ஆளாகத்தான் நானும் ஒரு காலத்தில் இருந்தேன்.

கடலூர் மஞ்சக்குப்பம் எனக்கு. மூன்று தலைமுறை லுத்தரன் குடும்பம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் காலை ஆராதனையில் பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நடுவிலேயே வெளியே சத்தம். தேவனாம்பட்டினத்தில் கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்றார்கள். நாங்கள் நம்பவில்லை. கடலாவது, ஊருக்குள் வருவதாவது.

மறுநாள் வாலிபர் சங்கத்திலிருந்து சாப்பாட்டுப் பொட்டலம் எடுத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூட முகாமுக்குப் போனோம். அங்கே ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், பேரனைப் பறிகொடுத்தவர். என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, "முந்தாநேத்துதானே உங்க சாமி பொறந்த நாளு கொண்டாடினீங்க, அவருக்கு இது தெரியாதா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

விசுவாசத்தைக் காத்துப் பேசுவது எப்படி என்று அந்த வருடம்தான் எங்களுக்கு வகுப்பு எடுத்திருந்தார்கள். நான் ஆரம்பித்தேன். தேவன் மனுஷனுக்குச் சுயாதீனம், அதாவது நல்லதையோ கெட்டதையோ தானே தேர்ந்தெடுக்கும் உரிமை, கொடுத்தார், சுயாதீனம் இல்லாவிட்டால் அன்பு இல்லை, மனுஷன் அதைத் தப்பாகப் பயன்படுத்தியதால் உலகத்தில் தீமை வந்தது என்று ஒப்பித்தேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"கடலுக்கு ஏது தம்பி மனசு?"

பொட்டலத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

உடனே யாராவது வருவீர்கள், தெரியும். அந்த வாதம் தப்பு என்று நான் சொல்லவில்லை. பழங்காலத் திருச்சபை அறிஞர் அகஸ்தீன் முதல் நம் காலத்து அமெரிக்கத் தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்கா வரை பெரிய மூளைகள் உழைத்த வாதம் அது. கொலை, போர், சாதி வெறிக்கெல்லாம் அது இன்றும் நிற்கும். சுனாமியில்கூட மனுஷன் பங்கு உண்டு. சுமத்ரா பக்கம் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை ஆறரை மணிவாக்கில். அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இந்தியப் பெருங்கடலுக்கு என்று ஒரு எச்சரிக்கை அமைப்பு அன்று கிடையாது. ஹைதராபாத்தில் அது வந்தது 2007இல். இதையெல்லாம் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தைக் கழித்துவிட்டாலும் அந்த அம்மாவின் கேள்வி மிச்சம் இருக்கிறது.

அதே நாளில் வேளாங்கண்ணிக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான யாத்ரீகர்கள் செத்துப்போனார்கள். கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை என்று அதை அற்புதமாகச் சொல்கிறவர்கள் உண்டு. கத்தோலிக்க நண்பர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், எங்கள் ஆட்களும் இப்படிப் பேசுகிறவர்கள்தான். கரையில் கிடந்தவர்களின் வீட்டார் காதில் அது எப்படி விழும் என்றுதான் கேட்கிறேன்.

பிறகு என் முறை வந்தது. தங்கைக்கு முப்பத்தொரு வயதில் மார்பில் கட்டி. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் பதினான்கு மாதம் அலைந்தோம். கடைசி வாரத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வீட்டுக்கு வந்து, "அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது குடும்பத்தில் இருக்கிறதா, யோசித்துப் பாருங்கள்" என்றார். தங்கை கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள்.

பைபிளில் உள்ள யோபு புத்தகத்தை அந்த மனிதர் படித்திருப்பாரா என்று தெரியவில்லை. அதில், நல்லவராக இருந்தும் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவைப் பார்க்க மூன்று சிநேகிதர்கள் வருகிறார்கள். ஏழு நாள் வாய் திறக்காமல் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் சரி. அப்புறம் ஆளாளுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். நீ பாவம் செய்திருப்பாய், தேவன் நீதியுள்ளவர் என்று. 42ஆம் அதிகாரத்தில் தேவனுடைய கோபம் யார்மேல்? தேவனையே வழக்குக்கு இழுத்த யோபுமேல் இல்லை, தேவனுக்காக வக்காலத்து வாங்கிய இவர்கள்மேல். லூக்கா 13இலும், சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே சொல்கிறார். பிரசங்கியாரை எழுந்து போகச் சொன்னேன். அவருக்குப் பதில் முகாமில் பொட்டலத்தோடு நின்ற என்னைத்தான் பார்த்த மாதிரி இருந்தது.

பக்கத்து வீட்டுத் தமிழய்யா தீவிர சைவர். அப்பர் கல்லோடு கரையேறிய ஊர்க்காரன் என்று பெருமை பேசுகிறவர். தங்கை இறந்த பிறகு பதிமூன்று நாளும் சாயங்காலம் பிளாஸ்கில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, பேசாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார். அப்பரே சூலை நோயில் துடித்துக்கொண்டுதான் திருவதிகையில் முதல் பதிகம் பாடினார் என்று சொன்னதுகூட எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தங்கைக்குக் கல்லறைக் கல் வைக்க எங்கள் சபைக் கமிட்டியிடம் அனுமதி கேட்டு எட்டு மாதம் நடந்தேன். சந்தா பாக்கி என்றார்கள், கல்லின் உயரம் விதிப்படி இல்லை என்றார்கள், கமிட்டித் தேர்தல் முடியட்டும் என்றார்கள். தேர்தலில் இரண்டு கோஷ்டி, வாசலில் போலீஸ். துன்பத்தை ஆண்டவர் அனுமதிக்கிறாரோ இல்லையோ, கமிட்டி அனுமதிக்காமல் ஒரு கல்லும் நகராது.

சரி, நான் ஏன் இன்னும் கோயிலுக்குப் போகிறேன்? சிலுவையில் தொங்கியவரும் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்றுதான் கத்தினார். அந்த நேரத்தில் அவருக்கு வானத்திலிருந்து விளக்கம் எதுவும் வரவில்லை. நான் கும்பிடுவது அவரை. மூன்றாம் நாள் எழுந்தார் என்றும் நம்புகிறேன். நிரூபிக்கச் சொன்னால் என்னால் முடியாது, அதை வைத்து என்னை முட்டாள் என்று எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பர் எழுந்து போனாரே, அவர் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தீர்களா? எனக்கு சிப்காட்டில் நைட் ஷிப்ட், கிளம்புகிறேன். பின்னூட்டங்களுக்கு நாளைக்குத்தான்.