காவிரி டெல்டாவில் நாட்டிய, நாடகக் கலைஞர்களைப் பேட்டி எடுக்கப் போகிறேன். என்ன கேட்கலாம்? ஓபரா போன்ற ஏதாவது அங்கே உண்டா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். உண்டு, அதுவும் நிறைய. தஞ்சை மராட்டிய மன்னர் சகஜி தெலுங்கில் இயற்றிய பல்லக்கி சேவா பிரபந்தம், சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனை, தியாகராஜரின் நௌகா சரித்திரம், கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் எல்லாம் கதையைப் பாட்டாலேயே நடத்துகிறவை. ஆனால் இவற்றில் பல இன்று கச்சேரியில் உதிரிப் பாட்டுகளாகத்தான் காதில் விழுகின்றன. பாட்டும் ஆட்டமும் வசனமும் சேர்ந்து இரவு முழுவதும் நடப்பதைப் பார்க்க, தஞ்சாவூருக்கு அருகிலுள்ள மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடக விழாவுக்குப் போங்கள். தியாகராஜர் காலத்தில் அவ்வூரில் வாழ்ந்த வேங்கடராம சாஸ்திரி எழுதிய தெலுங்கு நாடகங்கள் அவை. நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி வரதராஜப் பெருமாள் கோயில் முன் ஆடுவார்கள். பெண் வேடமும் ஆண்களே கட்டுவார்கள்.

ஜெயந்தி அன்று யாரையும் பேட்டிக்கு உட்காரச் சொல்லாதீர்கள். பிரகலாத சரித்திரத்தில் நரசிம்மர் முகமூடியை அணிபவர் விரதத்தில் இருப்பார். அந்த முகமூடி பூஜையில் இருப்பது. "கையில் பிடித்து ஒரு போட்டோ" என்று கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஒத்திகை நாட்களில் போங்கள். நடிகர்களில் பலர் வெளியூரில் உத்தியோகம் பார்ப்பவர்கள், விடுப்பு எடுத்து வருகிறார்கள்; அவர்கள் ஊரில் இருக்கும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

"கலை உங்களுக்கு என்ன தந்தது?" என்று மட்டும் கேட்காதீர்கள். பாராட்டு விழாவில் பேசிய அதே பேச்சு வந்து விழும். வேலையைப் பற்றிக் கேளுங்கள். இளமையில் பிரகலாதனின் தாய் லீலாவதியாக வேடம் கட்டிய ஒரு பெரியவரிடம், திரைக்குப் பின்னால் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பாத்திரம் மேடைக்கு வரும்போது பாடும் பாட்டான பிரவேசத் தரு தொடங்கியதும் இருவர் திரையைப் பிடித்திருப்பார்கள். உள்ளே நிற்பவர் அதற்குள் ஹிரண்யகசிபுவின் மனைவியாக மாறியாக வேண்டும். மகனுக்காக அழும் கட்டத்தைவிட அதுதான் கடினம் என்றவர், சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து நடந்தே காட்டினார். வீட்டில் பேசுவது தமிழ், மேடையில் தெலுங்கு. சிறுவயதில் பொருள் தெரியாமல் உருப்போட்ட ஒரு வசனத்தைப் பொருள் புரிந்த பிறகு எப்படிச் சொன்னார் என்று கேட்டதற்கு, குரலைத் தாழ்த்திச் சொல்லிக் காட்டினார். அதன் பிறகு நான் கேள்வித்தாளை எடுக்கவே இல்லை.

பந்தநல்லூர், வழுவூர் பரதநாட்டிய மரபுகளின் வழி வந்த நட்டுவனார் (ஆட்டம் கற்பித்து, மேடையில் தாளத்தோடு அதை நடத்துபவர்) வீட்டில் அணுகுமுறை வேறு. 'சார்' வேண்டாம், 'வாத்தியாரையா' என்று அழையுங்கள். தாளம் தட்டும் கோலான தட்டுக்கழியை எடுத்து, ஆட்டப் பகுதியை முடிக்கும் தாள அடுக்கான தீர்மானம் ஒன்றைச் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். எந்தச் சொற்கட்டு (தாளச் சொற்களின் கோவை) யாரிடமிருந்து வந்தது என்ற குடும்ப வரலாறு தானாக வரும். 1947-இல் தேவதாசி முறையை ஒழித்த சட்டத்தையும் அந்த முறையில் வாழ்ந்த பாட்டிமார்களையும் முதல் கேள்வியாக்காதீர்கள். பத்திரிகைக்காரர்கள் வாசலிலேயே அதைக் கேட்டுக் கேட்டு அந்த வீடுகள் சலித்துப்போயிருக்கின்றன. அவர்களாகப் பேசினால் கேளுங்கள், பதிவு செய்யலாமா என்று அப்போது மறுபடி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

திரை பிடிப்பவர், வேடம் போட்டுவிடுபவர், மிருதங்கக்காரர் ஆகியோரிடமும் பேசுங்கள். நாயகனைப் பற்றி நாயகனே சொல்லாததை அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுக்கும் முன் கலைஞரிடம் படித்துக் காட்டுங்கள். ராகத்தின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தால் அவர்தான் பிடிப்பார், உங்கள் ஆசிரியர் பிடிக்க மாட்டார்.