அடுப்படிக் கேள்வி பதில்: ஸ்லோ குக்கரில் சைவச் சோறு

கேள்வி: அக்கா, வெளிநாட்டிலிருந்து வந்த தம்பி ஒரு ஸ்லோ குக்கர் (இளஞ்சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் கரண்ட் பாத்திரம்) கொடுத்தான். ஈஸ்டருக்கு முந்தைய தவசுகாலத்தில் எங்கள் வீட்டில் மீன், கறி சேர்க்க மாட்டோம். நண்டு கம்பெனி வேலைக்குக் கிளம்பும்போது அரிசி, தட்டைப்பயறு, காய், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அரிசி களியாகிவிட்டது, பயறு வேகவே இல்லை. இந்தப் பாத்திரம் நமக்கு ஒத்துவராதா?
வாசகி, மண்டபம்

பதில்: நன்றாக ஒத்துவரும் தங்கச்சி. அரிசியைக் காலையிலேயே போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தப் பாத்திரத்தில் பகல் முழுக்க வேக வேண்டியது பயறும் மசாலாவும். அரிசிக்கு இரண்டு மணி நேரம் போதும், அதுவும் கடைசியில்.

பயறு வேகாததற்குப் புளிதான் முதல் காரணம். புளிப்பு சேர்ந்தால் பயற்றின் தோல் இளகாது, தக்காளியும் அப்படித்தான். அடுத்தது நம் ஊர்த் தண்ணீர். கிணற்றிலும் போரிலும் வருவது உப்பும் கடினமுமான தண்ணீர். அதில் பயறு லேசில் மசியாது. காவிரிக் குழாய்த் தண்ணீரோ, கடற்கரை மணலில் தோண்டி எடுக்கும் ஊத்துத் தண்ணீரோ ஒரு குடம் இதற்கென்று எடுத்து வையுங்கள்.

செய்முறையைச் சொல்கிறேன். இராத்திரி ஒரு கைப்பிடித் தட்டைப்பயறை ஊறவையுங்கள். காலையில் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். மொச்சைக்கும் இதையே செய்யுங்கள். ராஜ்மா போட்டால் இதைத் தவிர்க்கவே கூடாது. ஊறாத, கொதிக்காத ராஜ்மாவில் ஒரு நச்சு இருக்கிறது. ஸ்லோ குக்கரின் இளஞ்சூட்டில் அது அழியாமல் வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும்.

அதே அடுப்பில் நல்லெண்ணெயில் கடுகு, சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை தாளியுங்கள். ஸ்லோ குக்கரில் கடுகு வெடிக்காது, வெங்காயம் சிவக்காது. தாளிக்காமல் போட்டால் பச்சை வாடைதான் மிஞ்சும். மிளகாய்க்கு நம் ராமநாதபுரம் குண்டு மிளகாயே போதும் (2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது). நான்கைந்தைக் கிள்ளாமல் முழுசாகப் போடுங்கள். தோல் தடிப்பானது, மெல்ல ஊறி வாசம் இறங்கும், காரம் தூக்காது. கொதித்த பயறையும் தாளிப்பையும் ஸ்லோ குக்கரில் போடும்போது கிழங்கு, கேரட் மாதிரிக் கெட்டிக் காய்கள் அடியில் கிடக்கட்டும், முருங்கைக்காய் மேலே. பயறு முங்கி இரண்டு விரல் மேலே நிற்கும்படி தண்ணீர் ஊற்றி, லோவில் (குறைந்த சூட்டில்) வைத்துவிட்டு வேலைக்குப் போங்கள்.

நான்கு மணிக்கு வந்ததும் ஒரு பயறை நசுக்கிப் பாருங்கள். மசிந்தால் புளியைக் கரைத்து விடுங்கள், ஹைக்கு (அதிக சூட்டுக்கு) மாற்றுங்கள். அரை மணி ஊறிய புழுங்கலரிசி ஒரு டம்ளர், உள்ளே இருக்கும் குழம்பையும் சேர்த்து இரண்டு டம்ளர் தண்ணீர். மூடிய பாத்திரத்தில் ஆவி வெளியே போகாது என்பதால் உலையில் வைக்கிற அளவுக்குத் தண்ணீர் வேண்டாம். சேர்க்கும் தண்ணீர் வெந்நீராக இருக்கட்டும். சூடான பீங்கான் சட்டியில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். அப்புறம் ஒன்றரை மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள். ஒருமுறை திறந்தால் போன சூடு திரும்ப இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும்.

இறக்கும்போது ஒரு கை முருங்கைக்கீரை, அரை டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பால். பாலை முதலிலேயே ஊற்றினால் திரிந்துவிடும். தவசு முடிந்தும் இது கைகொடுக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு போகாமல் மீன் விலை ஏறிக் கிடக்கும்போது, பயறுச் சோறு இருக்கிற வீட்டில் பிள்ளைகள் வயிறு நிறையும்.

கேள்வி: வேலைக்குப் போயிருந்தபோது கரண்ட் போய்விட்டது. வந்து பார்த்தால் சோறு வெதுவெதுப்பாக இருந்தது. கொதிக்கவைத்துச் சாப்பிடலாமா?
வாசகி, தொண்டி

பதில்: எப்போது போனது, எப்போது வந்தது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். சட்டி நிறைய இருந்து, மூடி திறக்காமல், அரை மணி நேரம்தான் போயிருந்தால் பயமில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெதுவெதுப்பிலேயே கிடந்திருந்தால் கொட்டிவிடுங்கள் அம்மா. சோற்றில் வளரும் ஒரு கிருமி விடுகிற நஞ்சு திரும்பக் கொதிக்கவைத்தாலும் போகாது. அரிசி விற்கிற விலையில் கொட்ட மனசு வராது, எனக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அந்த பிளக்கில் போடுங்கள். எங்கள் வீட்டு ஸ்லோ குக்கர் 200 வாட்தான், தாங்குகிறது.

கேள்வி: கறி போடாமல் நோன்புக் கஞ்சி இதில் வருமா அக்கா?
வாசகி, கீழக்கரை

பதில்: கஞ்சிக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் கிடையாது. குழைய வேண்டும் என்பதால் இங்கே பச்சரிசிக் குருணையை முதலிலேயே போடலாம். குருணை ஒரு டம்ளர், பாசிப்பருப்பு கால் டம்ளர், ஒரு ஸ்பூன் வெந்தயம், பூண்டு பத்துப் பல், இஞ்சி, பட்டை, வாசத்துக்கு ஒரு துண்டு ரம்பை இலை, தண்ணீர் எட்டு டம்ளர். லுஹர் (நண்பகல்) தொழுகைக்கு முன்னால் லோவில் வைத்தால் நோன்பு திறக்கிற நேரத்துக்குக் குழைந்திருக்கும். அஸர் (மாலைத் தொழுகை) முடிந்த பிறகு ஒருமுறை கிளறி, கெட்டியாக இருந்தால் வெந்நீர் விட்டுக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பாலும் மல்லி, புதினாவும் கடைசிப் பத்து நிமிடத்தில்.