மூக்கைப் பார்த்தால் தெரியும்

கேள்வி: இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனும் ஜெர்மனியும் மோதிய வான்போரைக் காட்டும், 1969-இல் வந்த 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' படத்தின் ஜெர்மன் விமானங்கள் அசலா? படம் தேறுமா?

பதில்: பாதி அசல். மெஸ்ஸர்ஷ்மிட் சண்டை விமானங்களும் ஹெயின்கெல் குண்டுவீச்சு விமானங்களும் ஸ்பெயினில் கட்டியவை. உள்ளே ஓடுவது எதிரி நாடான பிரிட்டனின் மெர்லின் இன்ஜின்! அசல் மெஸ்ஸர்ஷ்மிட்டில் இன்ஜின் தலைகீழாக இருக்கும், புகைக்குழாய்கள் மூக்கின் கீழ்ப்பக்கம் வரும். படத்தில் மேலே தெரிகின்றன. ஸ்டூகா என்ற, பாய்ந்து இறங்கிக் குண்டுவீசும் விமானங்கள் ரேடியோவில் இயங்கிய மாடல்கள். ஆனாலும் நிஜ விமானங்களை பி-25 விமானத்திலிருந்து படம்பிடித்ததால், திரும்பும்போது அவற்றின் எடை கண்ணுக்குத் தெரிகிறது. பல கிராபிக்ஸ் விமானங்கள் ஈ மாதிரி திரும்பும். பலவீனம் கதையில்தான்: ஏகப்பட்ட பாத்திரங்கள், ஆக்சிஜன் முகமூடி மாட்டியதும் யார் எவரென்றே புரியாது.

இன்னொரு சோதனை: 1940-இன் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் சண்டை விமானத்தில் பெரும்பாலும் எட்டுத் துப்பாக்கி, தலா 300 தோட்டா, சுமார் 15 விநாடியில் காலி. எந்தப் படமானாலும் சுடும் விநாடிகளை எண்ணிப் பாருங்கள்.