எல்லாருடைய மண்ணும் சூளைக்குள் போகட்டும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வசிக்கிறேன். கனடாவில் இருக்கும் அன்பர் ஒருவர் மின்சூளை ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். அதை வைத்து மண்வேலைக் குழு ஒன்றை நடத்துகிறோம். செவ்வாயும் சனியும் விறாந்தையில் கூடுவோம். முதல் சூட்டிலேயே பல பொருட்கள் வெடித்துச் சிதறிவிட்டன. ஆச்சி ஒருவர் போரில் இழந்த தன் வீட்டை மண்ணில் செய்திருந்தார். அதுவும் போய்விட்டது. அதன் துண்டுகள் பட்டு ஓவசியர் ஐயாவின் பூச்சாடியும் உடைந்தது. அன்றிலிருந்து ஆச்சி வருவதில்லை. துண்டுகளை ஒரு பிஸ்கட் ரின்னில் எடுத்து வைத்திருக்கிறேன். கொடுப்பதா, எறிவதா என்று தெரியவில்லை. ஐயா நல்ல கைத்திறன் உள்ளவர். "மின்கட்டணம் வீணாகிறது, நல்லதைத் தெரிந்தெடுத்து அதை மட்டும் சுடுவோம்" என்கிறார். நிர்வாகமும் தலையாட்டுகிறது. பக்கத்து ஊரில் பரம்பரையாகப் பானை வனையும் பெரியவரை அழைத்து ஆலோசனை கேட்கலாம் என்றேன். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். குழு கலைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள ரீச்சர்,

மின்கட்டணத்திலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்கவைத்தது வெடிப்பு அல்ல, 'நல்லதை மட்டும் சுடுவோம்' என்ற அந்த யோசனைதான். சிக்கனம் என்ற பெயரில் வந்திருப்பதால் யாரும் அதை எதிர்க்கத் துணியவில்லை. ஆனால் அந்தக் கணக்கே பிழை. மின்சூளை இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி அதன் செங்கற்களையும் தட்டுகளையும் சூடாக்குவதற்கும், சுவர் வழியே வெளியேறும் வெப்பத்தை ஈடுசெய்வதற்குமே போகிறது. உள்ளே பத்துப் பொருள் இருந்தாலும் நாற்பது இருந்தாலும் மின்பட்டியலில் பெரிய வித்தியாசம் வராது. பாதி காலியாக இருக்கும் சூளையைச் சுடுவதுதான் வீண்செலவு. மெருகு பூசாத மண் முதல் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டாது. ஆகவே பெரிய சட்டிக்குள் சின்னச் சட்டியையும் அதற்குள் நாலைந்து சுட்டி விளக்குகளையும் அடுக்கிவிடலாம். சூட்டின் எண்ணிக்கையைக் குறையுங்கள், ஒவ்வொரு சூட்டையும் நிரப்பிச் சுடுங்கள். நிர்வாகத்திடம் இதை இப்படியே சொல்லுங்கள்.

ஒவ்வொரு சூட்டிலும் ஆளுக்கு ஒரு பொருள் கட்டாயம் போக வேண்டும். இடம் மிஞ்சினால் இரண்டாவது. ஒரு பொருளை நிறுத்தி வைக்க ஒரேயொரு காரணம்தான் இருக்கலாம்: அது இன்னும் காயவில்லை என்பது. கோணல், வெடிப்பு, அவலட்சணம் எதுவும் காரணமாகாது. எழுபத்தைந்து வயதில் முதன்முதலாக மண்ணைத் தொட்ட ஒருவருடைய கிண்ணத்தை ஒதுக்கி வைத்துப் பாருங்கள். அடுத்த சனிக்கிழமை அவர் வரமாட்டார். கேட்டால் முழங்கால் வலி என்பார். பிறகு இன்னொருவருக்குத் தலைச்சுற்று வரும். கடைசியில் கெட்டிக்காரர்கள் மூன்று பேரும் ஒரு சூளையும் மிஞ்சும்.

இனி வெடித்த கதைக்கு வருவோம். ஆச்சியின் வீட்டால் ஐயாவின் சாடி உடைந்தது என்று யாரும் பேச இடம் கொடுக்காதீர்கள். வெடிக்க வைத்தது தண்ணீர். மண்ணுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் வெடிக்கும் என்று பலர் சொல்வார்கள். வெறும் காற்றால் அப்படி நடக்காது, உள்ளே ஈரம் இருக்க வேண்டும். சூடு 100 பாகை செல்சியஸை எட்டியதும் அந்த ஈரம் ஆவியாகிறது. ஆவிக்கு நீரைவிட ஏறத்தாழ 1,700 மடங்கு இடம் வேண்டும். சுவர் மெல்லியதாக இருந்தால் மண்ணின் நுண்துளைகள் வழியே ஆவி தப்பிவிடும். தடித்த கட்டியின் நடுவில் அகப்பட்டால் மண்ணைப் பிளந்துகொண்டுதான் வெளியே வரும். திண்ணையும் தூணும் வைத்துச் செய்த வீடு என்றால் அதன் அடி மொத்தமாகத்தான் இருந்திருக்கும். வெளியே தொட்டுப் பார்த்தவர்களுக்குக் காய்ந்ததாகவே தெரிந்திருக்கும்.

நீங்கள் இருக்கும் இடத்தில் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இந்த ஏமாற்றம் இன்னும் கூடும். காற்று பொருளின் விளிம்பை ஒரே நாளில் உலர்த்திவிடும், அடி ஈரமாகவே கிடக்கும். விளிம்பு சுருங்கும், அடி சுருங்காது, வெடிப்பு விழும். ஆகவே காற்றுப் படாத நிழலில் தட்டு ஒன்று அமையுங்கள். முதல் சில நாட்கள் பழைய சாரத்தாலோ பொலித்தீனாலோ தளர்வாக மூடி வையுங்கள். விளிம்பு கையைத் தாங்கும் அளவுக்கு இறுகியதும் கவிழ்த்து வைத்து அடியைக் காயவிடுங்கள். காய்ந்துவிட்டதா என்று அறியக் கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள். குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதைவிட உறுதியான வழி சமையலறைத் தராசு. நாளுக்கு நாள் நிறை குறைந்துகொண்டே வந்தால் தண்ணீர் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். மூன்று நாட்கள் நிறை மாறாமல் நின்றால் சூளைக்குள் வைக்கலாம்.

வைத்த பிறகும் அவசரப்படாதீர்கள். முதல் இரவு முழுவதும் 80, 90 பாகையில், காற்றுத் துளையைத் திறந்தபடி விடுங்கள். மறுநாள் மணிக்கு 100 பாகைக்கு மேல் ஏற்றாமல் 600 வரை கொண்டுபோங்கள். மண்ணோடு பிணைந்திருக்கும் நீர் வெளியேறுவதும், மணலில் உள்ள படிகக்கல் 573 பாகையில் சட்டென்று விரிவதும் இந்தக் கட்டத்தில்தான். அதன் பிறகு சற்று வேகமாக ஏற்றி 950 அளவில் நிறுத்தலாம். அன்பளிப்போடு வந்த கையேட்டில் 1,200க்கு மேல் சூடு குறித்திருந்தால் அது வேறு வகை மண்ணுக்கு உரியது. நம் குளத்துக் களி அந்தச் சூட்டில் குழைந்து சரிந்து தட்டோடு ஒட்டிவிடும், தட்டும் பாழாகும். இறக்கும்போதும் சூளை 100 பாகைக்குக் கீழே ஆறும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. எல்லாரும் சுற்றி நின்று "கொஞ்சம் திறந்து பார்ப்போம்" என்பார்கள். அதற்கு இடம் கொடுக்காத ஓர் ஆளைக் காவலுக்கு வையுங்கள்.

அந்த ஆள் ஓவசியர் ஐயாவாக இருக்கலாம். ஒன்று கேட்கிறேன்: ஆச்சியின் வீட்டுக்காக எல்லாரும் வருந்தியபோது, ஐயாவின் சாடிக்காக யாராவது இரண்டு வார்த்தை சொன்னீர்களா? உங்கள் கடிதத்தில் அது ஒரு வரியில் வந்து போகிறது. அவரும் பல வாரம் உட்கார்ந்து அதைச் செய்திருப்பார். அவருடைய கடுமைக்குப் பின்னால் அந்தக் கவலையும் இருக்கக்கூடும். முதலில் போய் அதைக் கேளுங்கள். பிறகு காயவைக்கும் தட்டையும் சூளைப் புத்தகத்தையும் அவரிடம் ஒப்படையுங்கள். எந்தப் பொருள் எந்தத் திகதியில் தட்டுக்கு வந்தது, நிறை என்ன, சூளை எந்த மணிக்கு எத்தனை பாகையில் நின்றது என்றெல்லாம் அவர் எழுதி வைக்கட்டும். வேலைத்தளத்தில் வாழ்நாளைக் கழித்தவருக்கு அது பிடித்த வேலையாகவே இருக்கும். மற்றவர்களின் பொருளுக்குப் புள்ளி போடும் வேலை மட்டும் யார் கையிலும் இருக்க வேண்டாம்.

ஆச்சியைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். ரின்னைக் கொடுப்பதா, எறிவதா என்ற முடிவை நீங்கள் எடுக்காதீர்கள். அவருடைய அறைக்குப் போய், "ஆச்சி, துண்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். அழலாம், பேசாமல் இருக்கலாம், குப்பையில் போடு என்று சொல்லலாம். எதுவாக இருந்தாலும் அவர் சொன்னபடி செய்யுங்கள். தயவுசெய்து "இன்னொன்று செய்யலாம் ஆச்சி" என்று மட்டும் ஆறுதல் சொல்லாதீர்கள். வன்னியில் வீட்டை விட்டு ஓடிய ஒருவர் அந்த ஆறுதலை எத்தனை பேரிடம் எத்தனை தடவை கேட்டிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். விறாந்தையில் அவருடைய கதிரை அவருடைய இடத்திலேயே இருக்கட்டும். மண்ணைத் தொடாமல் தேநீர் குடித்துவிட்டு எழுந்து போனாலும் அவர் குழுவைச் சேர்ந்தவர்தான்.

அவராகவே மறுபடி தொடங்கினால், அப்போது உதவுங்கள். களியை ரொட்டி போலத் தட்டி விரல் தடிப்புக்கு மேல் போகாத பலகைகளாக வெட்டி, சற்று இறுகவிட்டுச் சுவராக நிறுத்துங்கள். ஒட்டும் விளிம்புகள் இரண்டிலும் ஈர்க்கால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, கூழாகக் கரைத்த அதே மண்ணைப் பூசி அழுத்த வேண்டும். கீறாமல் ஒட்டினால் காயும்போதே பிரிந்துவிடும். கூரையைத் தனியாகக் கழற்றி எடுக்கும்படி செய்யுங்கள். ஆவி வெளியேற அந்த மண்வீட்டின் தரையில் ஒரு துளை போடுங்கள். சூளைக்குள் வைப்பதற்கு முன் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை ஆச்சி விரும்பினால் மட்டும் செய்யுங்கள். சூடு முழுவதும் ஏறி முடிந்த துண்டுகளைத் தண்ணீர் தெளித்து உரலில் இடித்துச் சலித்து, பத்துப் பங்கு களிக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு சேர்த்துப் பிசையலாம். வெந்த மண் மறுபடி சுருங்காது, ஆவி வெளியேற வழியும் விடும். புதிய களி வெடிக்காமல் காய அது உதவும். பானைத் தொழிலில் இது மிகப் பழைய வழக்கம்.

அந்தப் பெரியவரை அழைக்கும் விடயத்தில் நான் பூசி மெழுகப் போவதில்லை. முகம் சுளித்ததன் காரணம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கோயிலில் பொங்கப் பானையும், கல்யாணத்துக்கு அரசாணிப் பானையும், திருக்கார்த்திகைக்குச் சுட்டியும் யாருடைய கையிலிருந்து வந்தன? இடம்பெயர்ந்த காலத்தில் ஒரே தறப்பாளின் கீழ் படுத்து ஒரே வரிசையில் நின்று சோறு வாங்கியவர்கள், களி குழைக்க வந்த இடத்தில் சாதி பார்ப்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? கந்தரோடையில் அகழ்ந்தெடுத்த கறுப்பு-சிவப்பு மட்கலங்கள் 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. ஒரே கலத்தில் இரண்டு நிறத்தை, நெருப்புக்குப் போகும் காற்றைக் கூட்டியும் குறைத்தும் கொண்டுவந்திருக்கிறார்கள். வெப்பமானி இல்லாமல் புகையின் நிறத்தையும் தணலின் நிறத்தையும் பார்த்துச் சூளையை நடத்தும் அறிவு இன்று அந்தப் பெரியவர் போன்றவர்களிடம்தான் மிஞ்சியிருக்கிறது. வாகனம் அனுப்பி அவரைக் கூட்டி வாருங்கள். முன்வரிசையில் கதிரை போடுங்கள். ஆசிரியர் என்று அறிமுகம் செய்யுங்கள். அன்றைய வேலைக்கு உரிய கூலியை அவர் கேட்பதற்கு முன் கொடுத்துவிடுங்கள். அந்த இருவரும் வரமாட்டோம் என்றால் வராமல் இருக்கட்டும். அவர்களுக்காக நாளை மாற்ற வேண்டாம். ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தவர் யாராவது உங்கள் இல்லத்தில் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். இருந்தால் அவரையும் பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

பெரியவரிடம் களி எடுக்கும் இடத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுகுளம் என்றால் கமக்காரர் அமைப்பிடம் சொல்லிவிட்டு எடுங்கள், அணைக்கட்டின் அடியைத் தோண்டவே கூடாது. குளத்துக் களியில் நத்தை ஓடுகள் கிடக்கும். அவை சூட்டில் சுண்ணாம்பாகி, சில நாள் கழித்துக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஊதி, நன்றாக வெந்த கிண்ணத்திலிருந்து நகக்கண் அளவு சில்லைத் தெறிக்க வைக்கும். களியைக் கரைத்து நுளம்புவலையில் வடித்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழியும். வடிக்காத களியைக் காலால் மிதிக்க நீரிழிவு உள்ளவர்களை விடாதீர்கள். மரத்த பாதத்தில் ஓடு கீறினால் அவர்களுக்குத் தெரியாது, புண் பெருத்த பிறகுதான் தெரியும். விறாந்தையைத் தும்புத்தடியால் உலர்ந்தபடி கூட்டுவதையும் இன்றே நிறுத்துங்கள். களித் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். ஈரத் துணியால் துடைப்பதே நல்லது. விரல் மூட்டு நோபவர்களுக்குக் களியைக் கொஞ்சம் இளக்கமாகக் குழைத்து, கை நனைக்க வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள். திரி போல உருட்டிச் சுற்றிச் சுற்றி உயர்த்தும் முறைக்குச் சக்கரமும் வேண்டாம், பலமும் வேண்டாம். கண் மங்கியவர்களும் விரலால் தடவியே செய்வார்கள்.

அடுத்த சூட்டைச் சுட்டி விளக்குகளோடு வைத்துப் பாருங்கள். மெல்லியவை, சீக்கிரம் காயும், எல்லாருக்கும் கைவரும். கார்த்திகை விளக்கீட்டுக்குக் கோயில் வாசலில் விற்றால் மின்கட்டணத்தில் ஒரு பகுதியும் வந்துவிடும். புரட்டாதி முடிவதற்குள் சுட்டுவிடுங்கள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் காய்வது நான்கு வாரமானாலும் காயாது, அப்போது தராசு என்ன சொல்கிறதோ அதன்படியே சூளையை இயக்குங்கள்.