விசுவாசம் குறைவாக இருப்பதால்தான் நோய் குணமாகவில்லையா?

கேள்வி: "பல வருடமாக எனக்கு மூட்டுவாதம். சபையில் ஜெபித்தார்கள், நானும் உபவாசம் இருந்தேன். குணமாகவில்லை. 'உனக்கு விசுவாசம் போதவில்லை, மாத்திரையை நிறுத்து, அப்போதுதான் அற்புதம் நடக்கும்' என்று ஒருவர் சொல்கிறார். அவர் சொல்வது சரியா?"

சரியில்லை. அதில் இரண்டு பாதியுமே சரியில்லை. மாத்திரையை நிறுத்தாதீர்கள். கீழே உள்ளதைப் படிக்க நேரம் இல்லாவிட்டாலும் இந்த ஒன்று உங்களுக்கு வந்து சேரட்டும் என்றுதான் முதலிலேயே சொல்கிறேன்.

எனக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்தான். நான் விசுவாசி. தேவன் இன்றும் குணமாக்குகிறார் என்று நம்புகிறேன், எனக்காகவும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். முழுச் சுகம் இன்னும் கிடைக்கவில்லை. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருக்க முடியாது என்று நினைப்பவர்கள் சபைகளில் நிறைய இருக்கிறார்கள். உங்களிடம் பேசியவரும் அப்படிப்பட்டவராக இருக்கலாம்.

இந்த நோய் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளின் உள்சவ்வைத் தாக்குகிறது. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. பாட்டில் மூடியைத் திருக இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்த வேண்டும். சட்டைப் பொத்தான் ஒன்று மாட்டுவதற்குள் பொறுமை போய்விடும். மற்றவர்கள் முழங்காலில் நின்று ஜெபிக்கும்போது நான் உட்கார்ந்தே இருப்பேன். திருவிருந்தில் அந்தச் சின்னக் கிண்ணத்தை இரண்டு விரலால் பிடிக்க வராது, இரண்டு கையையும் குவித்துத்தான் வாங்குவேன்.

ஒருமுறை ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில் என் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். முடிந்ததும் மைக்கை நீட்டி, "இப்போது கையை மடக்கிப் பாருங்கள், வலி போய்விட்டதா?" என்றார்கள். மடக்கினேன், வலித்தது. "இல்லை, இருக்கிறது" என்றேன். மைக் உடனே அடுத்தவரிடம் போய்விட்டது. கூட்டம் முடிந்து ஒருவர் என்னிடம் வந்து, "குணமாகிவிட்டது என்று வாயினால் அறிக்கை செய்திருக்க வேண்டும், வந்த ஆசீர்வாதத்தை நீங்களே தள்ளிவிட்டீர்கள்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் வலிக்கிற கையை வலிக்கவில்லை என்று சொல்வதற்கு விசுவாசம் என்று எப்படிப் பெயர் வைப்பது? ஆண்டவருக்கு முன்னால் பொய் சொல்லித்தான் அவரிடமிருந்து ஒன்றை வாங்க வேண்டுமா?

அந்தப் பேச்சு என்னை வெகுநாள் உறுத்தியது. அதனால் நான்கு சுவிசேஷங்களையும் இந்த ஒரு கேள்வியோடு மட்டும் படித்தேன்: குணம் தேடி வந்த ஒரு நோயாளியைப் பார்த்து, "உனக்கு விசுவாசம் போதாது, போ" என்று இயேசு எங்கேயாவது சொல்லியிருக்கிறாரா? ஒரு இடத்திலும் இல்லை.

பெரும்பாடுள்ள ஸ்திரீயிடம் "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்று சொன்னது உண்மைதான். பர்திமேயுவிடமும் அப்படியே சொன்னார். ஆனால் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் விஷயத்தில் அவர் கண்டது தூக்கி வந்த நாலு பேரின் விசுவாசத்தை. நூற்றுக்கு அதிபதியின் விசுவாசத்தால் குணமானது அவன் வேலைக்காரன். பெதஸ்தா குளத்தருகே 38 வருடம் கிடந்தவனுக்குத் தன்னைக் குணமாக்கியவர் யார் என்றே தெரியாது. மல்குஸ் விஷயம் இன்னும் ஒரு படி மேலே. அவன் இயேசுவைப் பிடிக்க வந்த கூட்டத்தைச் சேர்ந்தவன். வெட்டுப்பட்ட அவன் காதைத் தொட்டுச் சொஸ்தமாக்கினார். அவனிடம் என்ன விசுவாசத்தை அளந்து பார்த்திருக்க முடியும்?

"உங்கள் அவிசுவாசத்தினாலேதான்" என்று இயேசு சொன்ன இடம் ஒன்று உண்டு, மத்தேயு 17-ல். ஆனால் யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். வலிப்பு வந்து தீயிலும் தண்ணீரிலும் விழுந்துகொண்டிருந்த பையனிடமும் சொல்லவில்லை, அவன் தகப்பனிடமும் சொல்லவில்லை. அவனைக் குணமாக்க முயன்று முடியாமல் போன சீஷர்களிடம் சொன்னார். ஜெபித்தவர்களிடம்! மாற்கு அதே சம்பவத்தைச் சொல்லும்போது அந்தத் தகப்பன் கண்ணீரோடு, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்கிறான். பாதி விசுவாசம், பாதி சந்தேகம். பையனுக்குக் குணம் கிடைத்தது.

இங்கே சிலர் நாசரேத்தைக் காட்டுவார்கள். அங்கே இருந்தவர்களின் அவிசுவாசத்தால் இயேசு அற்புதங்கள் செய்யக் கூடாமல் போயிற்று என்று மாற்கு 6-ல் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அந்த அவிசுவாசம், "இவன் தச்சன் அல்லவா" என்று இடறலடைந்த ஊராருடையது. அதே வசனத்திலேயே, சில நோயாளிகள்மேல் கைகளை வைத்து அவர்களைக் குணமாக்கினார் என்றும் இருக்கிறது. அந்த ஊரிலும் அவரிடம் வந்த நோயாளி வெறுங்கையோடு போனதாக எழுதப்படவில்லை.

அப்புறம், குணமாகாதவர்கள். பவுலின் உடம்பில் இருந்த முள் என்ன வியாதி என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், அது முக்கியம் இல்லை. அது நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப் போதும்". தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று பவுல் எழுதினார், அதாவது அந்தக் காலத்து மருந்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று 2 தீமோத்தேயுவில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். தன் உடம்பில் பட்ட உறுமால்களைக் கொண்டுபோய்ப் போட்டதும் வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் 19-ல் யாரைப் பற்றி எழுதியிருக்கிறதோ, அதே பவுல் தன் உடன் ஊழியனை நோயோடு விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. அந்த வரியில் துரோப்பீமுவைக் குறைசொல்லும் ஒரு சொல்கூட இல்லை. இது எனக்குப் பெரிய ஆறுதல்.

நம் காலத்துக்கு நெருங்கி வந்தாலும் அப்படித்தான். மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-ல் கீழே விழுந்து அடிபட்டார். 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் டோனாவூரில் தன் அறைக்குள்ளேயே வலியோடு இருந்தார். அவருக்கு விசுவாசம் இல்லை என்று யாராவது சொல்வார்களா? ஜோனி எரிக்சன் டாடா 1967-ல், 17 வயதில், தண்ணீரில் தலைகுப்புறக் குதித்ததில் கழுத்தெலும்பு முறிந்து கைகால் செயலிழந்தவர். அவரும் பெயர்பெற்ற சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போனார், சக்கர நாற்காலியிலேயே திரும்பினார். பிற்பாடு அதே நாற்காலியில் இருந்தபடி அவர் தொடங்கிய ஊழியம், உலகம் முழுக்க நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி கொடுக்கிறது.

அப்படியானால் அற்புத சுகமே இல்லையா என்றால், உண்டு என்றுதான் நம்புகிறேன். ஆனால் அது அபூர்வம், அதைச் சோதித்துப் பார்ப்பதும் பாவம் இல்லை. பிரான்சில் லூர்து நகரத்துக்கு 1858 முதல் நோயாளிகள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். 1883-லிருந்து அங்கே மருத்துவர்களின் அலுவலகம் ஒன்று இருக்கிறது. குணமானேன் என்று சொல்பவரின் பழைய மருத்துவக் குறிப்புகளை வாங்கிப் பார்த்து, வருடக்கணக்கில் காத்திருந்துதான் முடிவு சொல்வார்கள். அங்கே போனவர்கள் கோடிக்கணக்கானோர், 2018 வரை திருச்சபை அற்புதம் என்று ஏற்றுக்கொண்டவை 70. நம்புகிறவர்களே இவ்வளவு நிதானமாக இருக்கிறார்கள். ஒரு மேடையில் ஐந்து நிமிடத்தில் அறிவிக்கப்படும் சுகத்தை ஏன் அதே நிதானத்தோடு பார்க்கக் கூடாது?

இயேசுவும் அதைத்தான் சொன்னார். குஷ்டரோகியைச் சுத்தமாக்கிய கையோடு, போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்றார். தோல் சுத்தமானதா என்று பார்த்துச் சொல்லும் அதிகாரம் அந்நாளில் ஆசாரியனிடம் இருந்தது. நமக்கு அந்த இடத்தில் இருப்பது டாக்டரும் ரத்தப் பரிசோதனையும். உங்களுக்குச் சுகம் கிடைத்திருந்தால் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி அளவுகளில் தெரியும், மூட்டின் ஸ்கேனில் தெரியும். டாக்டரே மருந்தைக் குறைப்பார். முதலில் மாத்திரையை நிறுத்தினால்தான் தேவன் செயல்படுவார் என்பது அவருக்கு நிபந்தனை போடுவது.

மூட்டுவாதத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்த நோய் ஏறும், இறங்கும். எந்தக் காரணமும் இல்லாமல் சில வாரம் லேசாக இருக்கும், பிறகு திடீரென்று சீறும். நல்ல நாட்களில் ஜெபம் நடந்தால் சாட்சி ஆகிவிடுகிறது. திரும்ப வலி வந்தால் "சந்தேகப்பட்டு சுகத்தை இழந்துவிட்டாய்" என்று பழி நோயாளியின் தலையில் விழுகிறது. இதில் ஆபத்து என்னவென்றால், வலி குறைந்தாலும் உள்ளே அழற்சி நின்றுவிட்டதாக அர்த்தம் இல்லை. மெத்தோட்ரெக்ஸேட் மாதிரியான மருந்தை நீங்களாக நிறுத்தினால் மூட்டு எலும்பு அரிக்கத் தொடங்கலாம், அரித்தது திரும்ப வளராது. ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். நாள்பட எடுத்த பிறகு உடம்பு தானாகச் சுரக்கும் கார்டிசால் ஹார்மோன் குறைந்துபோயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டைப் 1 சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களுக்கும் வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. விசுவாசத்தில் இன்சுலினை நிறுத்திவிட்டுச் சில நாட்களில் இறந்துபோனவர்கள் உண்டு. அந்த மரணங்களுக்குப் பிறகு, நிறுத்தச் சொன்னவர்கள் பல நேரம் பொறுப்பு ஏற்பதில்லை.

மருந்து அவிசுவாசத்தின் அடையாளம் என்றால் எசேக்கியா ராஜாவை என்ன செய்வது? 15 வருடம் கூட்டித் தருகிறேன் என்று தேவனே வாக்குக் கொடுத்த பிறகும், ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி அவன் பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தார். லூக்காவைப் பவுல் "பிரியமான வைத்தியன்" என்றே அழைக்கிறார், தொழிலை விட்டு மனந்திரும்பியவர் என்று எங்கும் சொல்லவில்லை.

ஜெபத்தை ஆராய்ச்சி செய்து பார்த்திருக்கிறார்களே என்று கேட்பவர்களுக்காக ஒன்று. 2006-ல் அமெரிக்காவில் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு வெளியானது. முன்பின் தெரியாதவர்கள் ஜெபித்ததால் பின்விளைவுகள் குறையவில்லை. தங்களுக்காக ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு 59 சதவீதம் பின்விளைவு வந்தது, தெரியாமல் ஜெபிக்கப்பட்டவர்களுக்கு 52 சதவீதம். இதை வைத்து ஜெபம் வீண் என்று நான் முடிவு செய்யவில்லை. ஜெபம் இத்தனை மில்லிகிராம் என்று கொடுக்கும் பொருள் இல்லை, ஒருவரிடம் பேசுவது. ஆனால் "ஜெபித்தால் கட்டாயம் நடக்கும்" என்று மேடையில் உத்தரவாதம் கொடுப்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இனி நீங்கள் என்ன செய்யலாம்? குணத்துக்காகக் கேளுங்கள், கேட்பதை நிறுத்தாதீர்கள். "உமக்குச் சித்தமானால்" என்று சொல்லிக் கேட்பது அரைகுறை விசுவாசம் என்று யாராவது சொன்னால், குஷ்டரோகி கேட்டதே அந்த வார்த்தையில்தான் என்று சொல்லுங்கள். அழ வேண்டும்போல் இருந்தால் 88-ம் சங்கீதத்தை எடுத்து வாசியுங்கள். அந்தச் சங்கீதம் ஸ்தோத்திரத்தில் முடிவதில்லை, கடைசிவரை புலம்பல்தான். அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. நான் வலி அதிகமான இரவுகளில் அதைத்தான் வாசிப்பேன்.

யாக்கோபு 5-ல் சொன்னபடி மூப்பர்களை வீட்டுக்கு வரவழையுங்கள். அங்கே நோயாளிக்குக் கொடுக்கப்பட்ட வேலை ஒன்றே ஒன்று, கூப்பிடுவது. எண்ணெய் பூசுவதும் "விசுவாசமுள்ள ஜெபம்" செய்வதும் வருகிறவர்களின் வேலை. நீங்கள் சோர்ந்து படுத்திருக்கும்போது உங்களுக்கும் சேர்த்து விசுவாசிப்பதற்குத்தான் சபை இருக்கிறது. வருகிறவர்கள் ஜெபித்துவிட்டு ஒரு வேளைச் சமையலையோ மருத்துவமனைக்குத் துணையாக வருவதையோ ஏற்றுக்கொண்டால் அதையும் மறுக்காதீர்கள். மருந்தை விடச் சொன்னவரிடம் நீங்கள் வாதாட வேண்டாம். உங்கள் பாஸ்டரிடம், அவர் என்ன வார்த்தை சொன்னாரோ அதை அப்படியே சொல்லுங்கள். பாஸ்டரும் அதையே சொன்னால் வேறு சபையைத் தேடுங்கள், தயங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். மாத்திரையை நிறுத்து என்ற பேச்சு உங்கள் மனதில் இவ்வளவு ஒட்டிக்கொண்டதற்கு, அந்த மாத்திரையே உங்களைப் படுத்துவது ஒரு காரணமா? மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்ட மறுநாள் வரும் குமட்டலும் அசதியும் வாய்ப்புண்ணும் எனக்கும் தெரியும். அப்படி இருந்தால் அடுத்த முறை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஃபோலிக் ஆசிட் அளவை மாற்றலாம், மாத்திரைக்குப் பதில் ஊசியாகப் போடலாம், வேறு மருந்துக்கும் மாற்றலாம். எனக்கு ஊசிக்கு மாறிய பிறகு குமட்டல் வெகுவாகக் குறைந்தது.