டிரிம் சுவிட்சை அழுத்தினால் சத்தம்: யூனிட்டையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் 28 அடி ஃபைபர் படகில் 60 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் இருக்கிறது. இரண்டு வாரமாக, மேலே தூக்கும் சுவிட்சை அழுத்தினால் ‘ஙொய்’ என்று வேகமாகச் சுற்றும் சத்தம் வருகிறது. எஞ்சின் விட்டுவிட்டு எழும்புகிறது, சில நேரம் எழும்புவதே இல்லை. இறக்கும்போது கிறீச்சிடுகிறது. எஞ்சினைத் தூக்கி இறக்கும் டிரிம் யூனிட்டே போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா? (பாம்பன் வாசகர்)

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது இரண்டு தனித்தனிச் சத்தம். இரண்டுக்கும் ஒரே யூனிட்டைக் குற்றம் சொல்வதே சரியில்லை.

முதலில் அந்த ‘ஙொய்’. டிரிம் மோட்டார் ஒரு சின்ன பம்பைச் சுற்றுகிறது, பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது, அந்த அழுத்தத்தில் ராடு வெளியே வந்து எஞ்சினைத் தூக்குகிறது. மோட்டார் பாரமே இல்லாததுபோல் வேகமாகச் சுற்றினால், அதற்குக் கரண்ட் வருகிறது, மோட்டாரும் உயிரோடு இருக்கிறது. தள்ளுவதற்கு எண்ணெய் இல்லை, அல்லது தள்ளிய எண்ணெய் வேறு வழியாகத் திரும்பி ஓடுகிறது.

எனவே முதலில் பார்க்க வேண்டியது மேனுவல் ரிலீஸ் ஸ்குரூ, அதாவது எஞ்சினைக் கையால் தூக்க வசதியாக எண்ணெய் அழுத்தத்தைத் திறந்துவிடும் ஸ்குரூ. பின்பலகையைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டின் பக்கவாட்டில் ஒரு துளை இருக்கும். அதற்குள் தட்டை ஸ்குரூ டிரைவரை விட்டு, கடிகாரம் சுற்றும் திசையில் நிற்கும்வரை திருப்புங்கள். முரட்டுத்தனமாக இறுக்க வேண்டாம். கரையில் எஞ்சினைக் கையால் தூக்க யாரோ இதைத் திறந்துவிட்டு மூட மறந்திருப்பார்கள். ரிவர்ஸ் போடும்போது எஞ்சின் தானாக மேலே எகிறுகிறதென்றால் இதன்மேல் சந்தேகம் இன்னும் பலமாகும்.

அடுத்தது எண்ணெய். எஞ்சினை முழுதாக மேலே தூக்கி, தாங்கும் லீவரைப் போட்ட பிறகுதான் எண்ணெய் மூடியைத் திறக்க வேண்டும். இறங்கிய நிலையில் திறந்தால் எண்ணெய் முகத்தில் பீய்ச்சும். தூக்கிய நிலையில் எண்ணெய் துளையின் விளிம்புவரை நிற்க வேண்டும். குறைந்திருந்தால், பெரும்பாலான ஜப்பான் எஞ்சின்களுக்கு டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) எண்ணெய் போதும், உங்கள் கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஊற்றி மூடி, முழுதாக மேலே, முழுதாகக் கீழே என்று நான்கைந்து முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் சில நிமிடம் விட்டு அளவு பாருங்கள். உள்ளே காற்று இருந்தால் எஞ்சின் விட்டுவிட்டு எழும்பும். காற்று வெளியேறியதும் அது நின்றுவிடும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் கடல்நீர் புகுந்திருக்கிறது. அப்போது சீலையும் ஓ ரிங் என்ற ரப்பர் வளையத்தையும் மாற்ற வேண்டும்.

பிரேக் ஆயில் மட்டும் ஊற்றாதீர்கள். ‘எல்லாம் ஹைட்ராலிக்தானே’ என்று ஊற்றிவிடுவார்கள். அதில் ரப்பர் சீல் ஊதிப் போய், நல்ல யூனிட்டும் ஒழுகத் தொடங்கும். பிறகு அதே ஆள் வந்து, யூனிட் போய்விட்டது என்பார்.

ஸ்குரூ மூடியிருக்கிறது, எண்ணெயும் சரி, ஆனாலும் மோட்டார் வெறுமனே சுற்றுகிறதென்றால் மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் சின்ன கப்ளிங் உடைந்திருக்கலாம். அதற்கும் முழு யூனிட் தேவையில்லை.

இனி கிறீச். இது பெரும்பாலும் எண்ணெய் சம்பந்தப்பட்டதே அல்ல. எஞ்சின் ஆடும் டில்ட் குழாயில் கிரீஸ் உப்போடு சேர்ந்து காய்ந்திருக்கும். சோதிப்பது எளிது: படகைக் கரையில் ஏற்றி, ரிலீஸ் ஸ்குரூவைத் திறந்து, இரண்டு பேர் சேர்ந்து எஞ்சினைக் கையால் தூக்கி இறக்குங்கள். நூறு கிலோவுக்கு மேல் கனம், தனியாள் வேலையல்ல. அடியில் கையோ காலோ வைக்கவே கூடாது. டிரிம் மோட்டார் ஓடாதபோதும் கிறீச் வந்தால் கோளாறு குழாயில்தான். குழாயில் கிரீஸ் அடிக்க உள்ள நிப்பிளில் மரைன் கிரீஸை அடித்து, பழைய கறுப்புக் கிரீஸ் வெளியேறிப் புதுக் கிரீஸ் தெரியும்வரை தள்ளுங்கள்.

சுவிட்சை அழுத்தினால் ‘டக்’ மட்டும் கேட்டால் அது பெரும்பாலும் பேட்டரி, அல்லது மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலே. மோட்டாருக்குப் போகும் நீல, பச்சை ஒயர்களில் மல்டிமீட்டர் வைத்து அழுத்திப் பாருங்கள். பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தும் இங்கே 9 தான் வருகிறதென்றால் வழியில் டெர்மினல் துருப்பிடித்திருக்கிறது. ரிலே இரண்டும் தனித்தனியாக உள்ள மாடலென்றால் இடம் மாற்றிப் போடுங்கள். தூக்கும்போது இருந்த கோளாறு இறக்கும்போது வருவதாக மாறினால் ரிலேதான்.

எல்லாச் சத்தமும் கோளாறு என்று நம்பிவிடாதீர்கள். எஞ்சின் முழுதாக மேலே போய் முட்டியதும் கேட்கும் சீறல், அழுத்தத்தைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வின் சத்தம். வால்வு வேலை செய்கிறது என்று பொருள், விரலை எடுத்தால் போதும். 115 குதிரைத்திறன் போன்ற பெரிய எஞ்சின்களில் மூன்று ராடு உண்டு. பாதி வழியில் சின்ன ராடுகள் இரண்டும் நின்று, நடு ராடு மட்டும் தூக்கத் தொடங்கும்போது வேகம் கூடும், சத்தமும் மாறும். அதுவும் இயல்புதான். இந்தச் சத்தத்தைக் காட்டியே ‘பம்ப் தேய்ந்துவிட்டது’ என்று யூனிட் விற்கிறார்கள். புது எஞ்சினிலும் இதே சத்தம் வரும்; பக்கத்துப் படகில் அழுத்திக் கேட்டுப் பாருங்கள்.

டிரிம் மோட்டாரே கரகரவென்று அரைத்தால் மட்டும் அதைக் கழற்ற வேண்டும். தண்ணீர் இறங்கி பேரிங் துருப்பிடித்திருக்கும். அப்போதும் மோட்டார் மட்டும் தனியாகக் கிடைக்கும். ஆனால் கவுண்டரில் கேட்டால் ‘அசெம்பிளிதான் வரும்’ என்று கைவிரிப்பார்கள். மானியம் கொடுத்து எஞ்சினைக் கரைக்குக் கொண்டுவர ஏற்பாடு இருக்கிறது, ஒரு ஓ ரிங் செட்டைக் கரைக்குக் கொண்டுவர ஏற்பாடு இல்லை. மீனவர் அதற்காகத் தொழிலை விட்டு நகரத்துக்கு அலைய வேண்டியிருக்கிறது. போகும்போது பிராக்கெட்டில் உள்ள தகட்டில் இருக்கும் மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் படமெடுத்துக்கொண்டு போங்கள். உதிரிபாகப் பட்டியலைத் திறக்கச் சொல்லி, மோட்டாருக்கும் சீல் செட்டுக்கும் தனி எண் இருப்பதை அங்கேயே காட்டிக் கேளுங்கள். ‘ரீகண்டிஷன்’ யூனிட் என்று இடைத்தரகர் நீட்டினால், அதை 12 வோல்ட்டில் முழு ஓட்டம் ஓட்டிக் காட்டாமல் கையில் வாங்காதீர்கள்.