பதில்: நியூ வேகாஸில் வடக்கே போனாலே சாகிறேன்

மண்டபம் ஊரிலிருந்து எழுதுகிறேன், தம்பி. ஃபால்அவுட்: நியூ வேகாஸ் கேமில், தொடக்க ஊரான குட்ஸ்ப்ரிங்ஸைத் தாண்டி வடக்கே போனாலே சாகிறேன், சுட்டாலும் எதிரிக்கு உறைப்பதில்லை, கேம் அடிக்கடி மூடிக்கொள்கிறது, கீழக்கரையில் கரண்ட் போனால் சேவும் (சேமித்து வைத்த ஆட்டமும்) போய்விடுகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

வடக்கு ரோடு வேண்டுமென்றே அப்படி வைக்கப்பட்டது. கஸடோர், டெத்க்ளா என்ற கொடிய மிருகங்கள் அங்கே காவல் மாதிரி நிற்கின்றன. தெற்கே இறங்கி ப்ரிம், நிப்டன், நோவாக் என்ற ஊர்கள் வழியாகச் சுற்றிப் போங்கள். கதையின் தொடக்கத்தில் உங்களைச் சுட்ட கட்டம்போட்ட கோட்டுக்காரனைப் பற்றிய துப்பு அந்த வழியில்தான் கிடைக்கும். கதையின் உயிரே அந்தச் சுற்றுதான், அவசரப்பட வேண்டாம். வேகாஸ் போய்ச் சேர்வதற்குள் லெவலும் ஏறியிருக்கும்.

சுடும்போது எதிரியின் உயிர்க்கோட்டுக்குப் பக்கத்தில் சிவப்புக் கேடயம் தெரிகிறதா? அந்த எதிரியின் கவசம் உங்கள் குண்டின் பலத்தைக் கழிக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு குண்டிலும் தனித்தனியாகக் கழியும். அதனால் வேகமாகச் சுடும் சின்னத் துப்பாக்கிதான் அதிகம் தோற்கும். குண்டின் பலத்தில் மிஞ்சுவது 20 சதவீதமாகக்கூட இருக்கலாம். கவசம் துளைக்கும் குண்டு வாங்குங்கள், துப்பாக்கியைப் பழுதுபார்த்து வையுங்கள்.

கேம் மூடிக்கொள்வதில் உங்கள் கோபம் முழுக்க நியாயம். 2010இல் வந்த 32 பிட் கேம், 2 ஜிபி நினைவகத்துக்கு மேல் தொடாது. அந்த வரம்பை 4 ஜிபியாக உயர்த்தும் ‘4ஜிபி பேட்ச்’ என்ற சின்னத் திருத்த மென்பொருளைப் போடுங்கள், பெரிய வித்தியாசம் தெரியும்.

அப்புறம் கரண்ட். ஒரே பட்டனில் சேமிக்கும் குவிக்சேவையும், கேம் தானே சேமிக்கும் ஆட்டோசேவையும் மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு ஊருக்குள் நுழையும் முன்பும் மெனுவில் போய்ப் புது சேவ் போடுங்கள், பழையதன் மேலே எழுதாதீர்கள்.